சித்தாளுக்கு இடமுண்டு, பொறியாளருக்கு இல்லையா?

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் முடித்து ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. என்னோடு சேர்ந்த ஆண்கள் எல்லாரும் சைட்டில் இருக்கிறார்கள். என்னை மட்டும் அலுவலகத்தில் பில் போட உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டால், "வெயிலில் நீ எதற்கு அலைய வேண்டும்? பெண் சொன்னால் மேஸ்திரிகள் கேட்க மாட்டார்கள்" என்கிறார் மேலாளர். "எம்.இ. படித்துவிட்டு விரிவுரையாளராகிவிடு" என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அதே வெயிலில், அதே சைட்டில், மணலும் ஜல்லியும் சுமந்து மாடி ஏறும் சித்தாள் பெண்கள் உங்கள் மேலாளர் கண்ணில் படவில்லையா? கட்டட வேலை பெண்ணுக்கு ஆகாது என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. பெண் சுமக்கலாம், வேலை சொல்லக் கூடாது. அவர்கள் போடும் கோடு அதுதான். கையாளாக வரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான், பிறகு மேஸ்திரியாகிறான். அவனோடு வேலைக்கு வந்த பெண் தலை நரைத்த பிறகும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளுக்கு யாரும் தொழிலைக் கற்றுத்தரவில்லை. பட்டம் பெற்ற உங்களுக்கும் அதையேதான் மறுக்கிறார்கள்.

இது கல்லூரியிலேயே தொடங்கிவிடுகிறது. நிலம் அளக்கப் பழகும் சர்வே கேம்ப்பில் மாணவன் கருவியைப் பிடிக்க, மாணவி நோட்டில் அளவு எழுதுகிறாள்; பல ஆசிரியர்கள் அதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறார்கள். அப்படிப் படித்தவன் மேலாளரானால் பெண்ணுக்கு எழுத்து வேலையைத்தானே கொடுப்பான்? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 1944-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்த பி.கே. த்ரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இன்றும் "பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்பதா?

மேஸ்திரி கேட்பார். "வரைபடத்தில் கம்பிகளுக்கு இடையே இடைவெளி 150 மில்லிமீட்டர், இங்கே 200 இருக்கிறது, பிரித்துக் கட்டுங்கள்" என்று டேப்பை வைத்துக் காட்டுகிறவருக்குத் தொழில் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் பில் வேலையே அதற்கு வழி. கான்கிரீட் கொட்டிய பிறகு உள்ளே போன கம்பியை யாராலும் எண்ண முடியாது. ஆகவே, "அளந்து பார்க்காத கம்பிக்கு நான் பில் எழுத மாட்டேன், ஒவ்வொரு தளத்திலும் கான்கிரீட்டுக்கு முன் நானே வந்து அளக்கிறேன்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறுவனத்தின் பணம் மிச்சமாகும் காரியத்தை மறுப்பது அவருக்கு எளிதல்ல. போகிறபோது கம்பி பலகையில் ஒட்டாமல் தாங்கும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஈரக் கான்கிரீட்டின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் டெஸ்ட்டை நீங்களே செய்யுங்கள், வலிமை பார்க்க 28-ஆம் நாள் கான்கிரீட் கியூபை உடைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த தளத்தின் கம்பிச் சோதனை முழுவதையும் உங்கள் பொறுப்பில் விடும்படி கேளுங்கள், அதையும் எழுத்தில்.

இன்னொன்று. வேலை தர மறுப்பது வேறு, உடலைப் பற்றிய பேச்சும் ஆபாசக் கிண்டலும் வேறு. இரண்டாவது நடந்தால் பொறுக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதத்திற்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

அப்பாவின் அக்கறை புரிகிறது. ஆனால் சைட்டையே பார்க்காத விரிவுரையாளர் வகுப்பில் எதைக் கற்றுத்தருவார்? எம்.இ. உங்கள் ஆசையாக இருந்தால் இரண்டு ஆண்டு களத்தில் நின்றுவிட்டுப் படியுங்கள்.

ஆறு மாதம் கேட்டும் அசையவில்லை என்றால் வேறு நிறுவனம் தேடுங்கள். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: உங்கள் சைட்டுகளில் எத்தனை பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, முதல் ஆண்டு என்னை எந்த வேலையில் போடுவீர்கள்?