மங்கோலியக் கூடாரத்தில் விருந்தினர் கடைப்பிடிக்க வேண்டியவை யாவை?

மங்கோலிய மேய்ப்பர் குடும்பத்தின் கெர் கூடாரத்துக்குச் செல்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கதவைத் தட்டுவது அங்கே மரபன்று. சற்றுத் தொலைவிலிருந்தே ‘நோகோய் கோர்’, அதாவது ‘நாயைப் பிடியுங்கள்’ என்று குரல் கொடுப்பார்கள், நாயே இல்லாத வீடானாலும்கூட.

தெற்கு நோக்கிய வாசலின் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்பக்கமாக, அதாவது மேற்குப் புறமாகச் சென்று அமர வேண்டும். வாசலுக்கு நேரெதிரான வடபகுதி மூத்தோருக்கும் மதிப்புக்குரியோருக்கும் உரியது. அமர்ந்ததும் உப்பிட்ட பால் தேநீர் வரும். மடித்துவிட்ட சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி வலக்கையால் கிண்ணத்தை வாங்கி, பிடிக்காவிட்டாலும் ஒரு வாயேனும் பருகுவதே மரியாதை. உடன் தரப்படும் ஆரூல் எனும் உலர்ந்த தயிர்க்கட்டி பெரும்பாலும் கல்லைப் போலிருக்கும். கடிக்க முயலாமல் வாயிலேயே ஊறவைத்துச் சுவைப்பது பல்லுக்கு நல்லது.