குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது): பேட்டர்னைப் பார்த்துப் போடுவதில் கற்பனை எங்கே இருக்கிறது?

எங்கே, எத்தனை கண்ணி (பின்னலின் ஒவ்வொரு தையல்) கூட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. சிங்கிள் குரோஷா என்ற அடிப்படைப் பின்னலில் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு வளைந்து கிண்ணமாகும், தொப்பி போடுவது இப்படித்தான். சரி, ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டால்? சில சுற்றுகளிலேயே ஓரமெல்லாம் சுருண்டு கோழிக்கொண்டைப் பூ மாதிரி பொங்கி வரும், அவ்வளவு அழகு! லாத்வியாவில் பிறந்த கணித ஆசிரியர் டைனா டைமினா 1997-இல், இதுபோலச் சீராகக் கண்ணி கூட்டித்தான் ஹைபர்போலிக் தளத்தை, அதாவது எல்லா இடத்திலும் சேணம் போல வளையும் பரப்பை, கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார். அதற்கு முன் அவர் பார்த்த அதன் காகித மாதிரிகள் சீக்கிரம் நைந்துவிடுபவை. அப்புறம், நூலை மாற்றிப் பாருங்கள். கையால் நூற்ற கம்பளி நூல் மெல்லிசும் தடிமனுமாக வரும், அதனால் ஒரு கண்ணி போல இன்னொன்று இருக்காது. முதலில் வெளிர் நிறம் எடுங்கள், கண்ணி எண்ணச் சுலபம்.