பையில் வைத்த தக்காளிக்கு அடி கறுப்பது ஏன்?

கேள்வி: வேலூரில் வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடி சிமென்ட் தளம் இருக்கிறது. அதில் ஓர் அடி குரோ பேக்குகளில் தக்காளி, மிளகாய், குண்டுமல்லி, செம்பருத்தி வைத்திருக்கிறேன். தென்னை நார்க்கழிவு முக்கால் பங்கு, செம்மண் கால் பங்கு. வெயிலுக்குப் பயந்து காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். சில நாள் ஊருக்குப் போனால் விட்டுப்போகும். தக்காளியில் பூ கொட்டுகிறது, பிடித்த காய்க்கு அடிப்பக்கம் கறுக்கிறது. மிளகாய் இலை சுருள்கிறது. மதில் ஓரம் இருக்கும் மல்லி இலையாகத்தான் வளர்கிறது. செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி. கடையில் டிஏபி உரம் போடச் சொன்னார்கள். போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. டிஏபி வேண்டாம். உங்கள் செடிகளுக்குப் பசி இருக்கிறதுதான், ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது தண்ணீர்.

காயின் அடி கறுப்பது பூச்சியாலும் இல்லை, தொற்று நோயாலும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் மேலே ஏறும். ஒரு வாரம் சொதசொதவென்று ஈரம், அடுத்த இரண்டு நாள் முழு வறட்சி என்றால் மண்ணில் சத்து இருந்தும் காய்க்குக் கிடைக்காது. இந்த நிலையில் டிஏபி போட்டால் அதிலுள்ள அமோனியா தழைச்சத்து, வேர் சுண்ணாம்புச் சத்தை எடுப்பதை இன்னும் குறைக்கும். ஓர் அடிப் பையில் கை தவறி அள்ளிப் போட்டால் வேரே கருகிவிடும். முட்டை ஓட்டுத் தூளும் இப்போதைக்கு உதவாது, அது கரைய மாதங்கள் ஆகும். கறுத்த காயைக் கிள்ளி எறியுங்கள், இனி நல்லதாக மாறாது.

நார்க்கழிவு அதிகமுள்ள கலவையில் ஒரு சிக்கல் உண்டு. மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே பிழியப் பிழியத் தண்ணீர் இருக்கும். மேல்மண்ணைப் பார்த்து ஊற்றினால் வேர் மூச்சு முட்டும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். ஒட்டாவிட்டால் அடித் துளையில் கசியும் வரை நிதானமாக ஊற்றுங்கள். பையை லேசாகத் தூக்கிப் பார்த்தும் கனத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம், கொஞ்ச நாளில் கை பழகிவிடும். இந்த வெயிலில் பெரும்பாலும் காலை ஒரு வேளை போதும். மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு விரல் உயரம் பரப்புங்கள், ஈரம் ஒரே சீராக நிற்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிமென்ட் தளத்தில் பையை நேராக வைக்காதீர்கள். சூடும் ஏறும், துளையும் அடைபடும். கீழே இரண்டு செங்கல் கொடுங்கள். மண்ணின் மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் அது உப்பு. நல்ல தண்ணீரை ஒரு முறை தாராளமாக ஊற்றி வடியவிடுங்கள். அடுத்த முறை பை நிரப்பும்போது செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாண எரு ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, கூடவே பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்து மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள், அதில் உப்பு இருக்கும். இப்போதுள்ள பைகளுக்கு 15 நாளுக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

பூ கொட்டுவதற்குப் பெரிய காரணம் வெயில். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும், பிஞ்சு பிடிக்காது. வேலூர் சித்திரையில் இதை எந்த மருந்தும் மாற்றாது. மதியத்துக்குப் பிறகு நிழல்வலை கட்டி, காலையில் பூங்கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் ஓரளவு பிடிக்கும். என்னைக் கேட்டால், கோடையில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். இந்த வெயிலை அவை தாங்கும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வரும், அர்க்கா அனாமிகா ரகம் அதை ஓரளவு தாங்கும். தக்காளியை ஐப்பசிக் கடைசியில் விதைத்து, கார்த்திகையில் நாற்று நட்டால் மார்கழி, தைக் குளிரில் பூ நிற்கும். பைக்கு ஒரு செடிதான்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓரம் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன் (மைட்). இரண்டுக்கும் முதலில் இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் வாரம் ஒரு முறை தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் நல்ல மருந்து, ஆனால் இந்தச் சூட்டில் இலை கருகும், எண்ணெய் தெளித்த செடியில் இன்னும் மோசம். இலை சிறுத்து மஞ்சளாகிச் செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. மனசு கேட்காவிட்டாலும் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மற்ற செடிகளுக்கும் போகும்.

மல்லிக்கு மதில் நிழல் ஆகாது. நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள், அந்த மூலையைப் புதினாவுக்குக் கொடுங்கள். மல்லிக்கு ஓர் அடிப் பையும் சின்னது, ஒன்றரை அடியாவது வேண்டும். மொட்டு புதுத் துளிரின் நுனியில்தான் வரும் என்பதால், இப்போது நுனிகளை லேசாக வெட்டிவிடலாம். முழுக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பது, நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. அதைத் தவறாமல் செய்தால் பங்குனியிலிருந்தே பூ பறிக்கலாம்.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அதிகமாக அப்பியிருக்கும் கிளைகளை வெட்டிப் பாலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மீதிக்கு அதே வேப்பெண்ணெய்க் கரைசல். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியைச் செடி செடியாகக் கொண்டுபோய் விடுவது எறும்புதான்.