ஆளி விதையா, ஆளி விதை எண்ணெயா: வீட்டு மருந்தாக எதை, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி இதுதான்: வயது 45. பல வருடமாக மலச்சிக்கல். சமீபத்திய ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆளி விதை சாப்பிடலாமா, அதன் எண்ணெய் இன்னும் நல்லதா, பலன் எத்தனை நாளில் தெரியும்?

விதையை வாங்குங்கள். உங்களுக்கு இருக்கும் இரண்டு தொந்தரவுக்கும் எண்ணெய் உதவாது.

நான் மருத்துவர் இல்லை. எனக்கும் மலச்சிக்கல் வெகுகாலத் தொல்லை, வருடக்கணக்கில் ஆளி விதைப் பொடி சாப்பிட்டு வருகிறேன். வீட்டில் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் உண்டு. அவருக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோதுதான் இதைப் பற்றி உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதையும் என் பழக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விதையையும் எண்ணெயையும் ஒரே மருந்தின் இரண்டு வடிவம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "எண்ணெய் என்றால் சத்து முழுவதும் இறங்கியிருக்குமே" என்பார்கள். நூறு கிராம் ஆளி விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 27 கிராம் நார்ச்சத்து, 18 கிராம் புரதம் இருக்கின்றன. கொழுப்பில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற தாவர ஒமேகா-3. இவை தவிர லிக்னான் என்ற பொருளும் இந்த விதையில் மிக அதிகம். செக்கிலோ இயந்திரத்திலோ ஆட்டும்போது கொழுப்பு மட்டும்தான் எண்ணெயாக வெளியே வரும். நார்ச்சத்தும் புரதமும் பெரும்பகுதி லிக்னானும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். மலச்சிக்கலைச் சரிசெய்வது நார்ச்சத்து. கொலஸ்ட்ராலைக் குறைப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய்ப் பாட்டிலில் அது துளியும் இருக்காது.

மலச்சிக்கலில் இருந்து தொடங்குகிறேன். ஆளி விதை நம்பிக்கையோடு கைகொடுப்பது அதற்குத்தான். விதையைத் தண்ணீரில் போட்டு வைத்தால் அதைச் சுற்றி வழவழப்பான பசை உருவாகும். குடலுக்குள்ளும் அதே பசை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மலம் இளகுகிறது, கனம் கூடுகிறது, குடல் அதை எளிதாகத் தள்ளுகிறது. ஐரோப்பிய மருந்துகள் முகமை இதை மலச்சிக்கலுக்கான மூலிகை மருந்தாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்லும் அளவு, ஒரு தடவைக்கு 10 முதல் 15 கிராம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 150 மில்லி தண்ணீரோடு. பலன் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் என்கிறார்கள்.

ஆனால் முதல் நாளே அந்த அளவுக்குப் போக வேண்டாம். நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு உப்பும், காற்றுப் பிரியும், சிலருக்குப் பேதியும் ஆகும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு மேசைக்கரண்டிக்கு வாருங்கள். பொடியாக ஒரு மேசைக்கரண்டி என்பது சுமார் 7 கிராம். அதில் கிட்டத்தட்ட 2 கிராம் நார்ச்சத்தும் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் ஒமேகா-3யும் இருக்கும். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டியே தாராளமாகப் போதுமாக இருக்கிறது. அதற்கு மேல் போக அவசியம் வந்ததில்லை.

தண்ணீரைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பசை தண்ணீர் இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் அடைப்பு. போதிய தண்ணீர் இல்லாமல் நிறைய ஆளி விதை சாப்பிட்டால் அது குடலில் கட்டியாகி அடைத்துக்கொள்ளலாம். மலச்சிக்கலுக்கு என்று சாப்பிட்டு மலச்சிக்கல் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சாப்பிட்டவுடன் ஒரு பெரிய டம்ளர், அப்புறம் நாள் முழுக்கவும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடியுங்கள். குடல் சுருக்கம் உள்ளவர்கள், குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமே தெரியாமல் எடை குறைந்தாலோ, மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறியிருந்தாலோ வீட்டு மருந்தில் நாளைக் கடத்தாதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

முழு விதையா பொடியா என்றால், வெறும் மலச்சிக்கலுக்கு ஊறவைத்த முழு விதையும் வேலை செய்யும். ஆனால் அதன் ஓடு கெட்டியானது. மெல்லாமல் விழுங்கினால் அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும், உள்ளிருக்கும் ஒமேகா-3 உடம்பில் சேராது. உங்களுக்குக் கொலஸ்ட்ராலும் இருப்பதால் பொடிதான் சரி.

கொலஸ்ட்ரால் விஷயத்தில் அளவான எதிர்பார்ப்பு வையுங்கள். 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வுக் கட்டுரை 2009-ல் வந்தது. விதையாகச் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 100 மில்லி ரத்தத்துக்கு 6 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்திருந்தது. எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குச் சொல்லும்படி குறையவில்லை. ஆறு மில்லிகிராம் என்பது சின்ன உதவிதான். அளவு கொஞ்சமே கூடியிருக்கும்போது, சாப்பாட்டைத் திருத்தி நடக்கவும் தொடங்கியவருக்கு அந்தச் சின்ன உதவியும் சேர்ந்து பலன் தரும். மருத்துவர் ஏற்கெனவே மாத்திரை எழுதியிருந்தால், அதை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து. இதய நோய் உள்ளவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டு அப்படி நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

நீங்கள் கேட்காத பிரஷரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆளி விதை நிஜமாகவே ஆச்சரியப்படுத்திய இடம் அது. கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 110 பேரைக் கொண்டு கனடாவில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள், முடிவு 2013-ல் வெளியானது. ஒரு தரப்பினருக்குத் தினமும் 30 கிராம் பொடித்த ஆளி விதை, மற்றவர்களுக்கு அது இல்லாத அதே மாதிரி உணவு. ஆறு மாதத்தில் ஆளி விதை சாப்பிட்டவர்களின் மேல் அளவு மற்றவர்களைவிடச் சுமார் 10 புள்ளியும், கீழ் அளவு சுமார் 7 புள்ளியும் குறைவாக இருந்தன. உணவுப்பொருள் ஒன்றுக்கு இது பெரிய விளைவு. ஆனால் அது சிறிய ஆய்வு, பங்கெடுத்தவர்களும் நோயாளிகள். எல்லோருக்கும் அதே அளவு குறையும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தொடங்கினால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும், சிலருக்கு அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். சர்க்கரை மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும், எண்ணெயாக இருந்தால் இன்னும் முக்கியம். அப்பாவுக்கு அப்படிக் கேட்டுத்தான் ஒரு சின்ன அளவு கொடுக்கிறோம். எந்த மாத்திரையாக இருந்தாலும் ஆளி விதைக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பசை மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் அது ரத்தத்தில் சேர்வது தாமதமாகும்.

லிக்னான் குடலில் உள்ள நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல மிக லேசாக வேலை செய்யும் பொருளாகிறது. இதனால்தான் மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் எரிச்சலுக்கு இதைச் சொல்கிறார்கள். 188 பெண்களை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஆய்வில் போலி மருந்தைவிட இது மேலாக இல்லை. கர்ப்பிணிகள் அதிக அளவில் சாப்பிட வேண்டாம். மார்பகம், கருப்பை போன்ற இடங்களில் ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் இருந்தவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

புற்றுநோய் என்றதும் இன்னொன்று. ஜெர்மனியின் யோகன்னா புட்விக் 1950-களில் ஆளி விதை எண்ணெயையும் ஒருவகைப் பாலாடைக்கட்டியையும் கலந்து ஓர் உணவுமுறையைச் சொன்னார். அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று இன்றுவரை பகிர்கிறார்கள். அதை நிரூபிக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து பேசுங்கள்.

சரி, எண்ணெய் யாருக்கு? மீன் சாப்பிடாதவர், விதையின் நார்ச்சத்து வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர், ஒமேகா-3 மட்டும் வேண்டும் என்பவர் எடுக்கலாம். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 7 கிராம் ஆல்பா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. ஒரு நாள் தேவை ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம். ஒரு தேக்கரண்டி போதும் என்பது இதிலிருந்தே தெரியும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி என்பதையும் மறக்க வேண்டாம். மீனில் நேரடியாகக் கிடைக்கும் ஒமேகா-3 வகைகளாக இதை மாற்றிக்கொள்ளும் திறன் நம் உடம்பில் மிகக் குறைவு. மீன் எண்ணெய்க்குச் சமம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த எண்ணெய் சீக்கிரம் கெடும். காற்றில் உள்ள ஆக்சிஜனை வேகமாக இழுத்துக்கொள்வது இதன் குணம். அந்தக் குணத்தால்தான் ஓவியர்களும் தச்சர்களும் இதைப் பூச்சுக்குப் பயன்படுத்துகிறார்கள். பூசினால் காய்ந்து கெட்டியாகும். அதில் நனைந்த துணியைக் கசக்கிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடித்ததும் உண்டு. ஆகவே குளிர் முறையில் பிழிந்த, கறுப்பு நிறப் புட்டியில் வரும் சிறிய அளவாக வாங்கி, பிரிட்ஜில் வைத்து, திறந்த சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். பெயிண்ட் வாடையோ மீன் வாடையோ அடித்தால் கொட்டிவிடுங்கள். தாளிக்கவும் பொரிக்கவும் ஆகாது, 107 டிகிரி செல்சியஸ் அருகிலேயே புகைய ஆரம்பித்துவிடும். ஆறிய உணவின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். மர வேலைக்கு விற்கும் எண்ணெயை எக்காரணத்துக்கும் சாப்பிடக் கூடாது, அதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

விதையில் இந்தத் தொல்லை குறைவு. முழு விதை காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். நான் சிறு தீயில், விதை லேசாகப் படபடக்கும் வரை மட்டும் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து பிரிட்ஜில் வைக்கிறேன். ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். தயிரிலோ கஞ்சியிலோ கலந்தால் சுவை தெரியாது. மாவில் கலந்து சுட்டாலும் பரவாயில்லை, விதைக்குள் இருக்கும் ஒமேகா-3 அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. முட்டை சேர்க்காத கேக்குக்கு, ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்தால் பிடிப்பு வந்துவிடும்.

வறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பச்சை ஆளி விதையில், அரைக்கும்போது சிறிதளவு சயனைடை வெளியிடும் பொருட்கள் இருக்கின்றன. சுவீடன் அரசின் உணவுத் துறை இதனால் பொடித்த ஆளி விதையே வேண்டாம் என்று சொல்கிறது. மற்ற பல நாடுகள் அவ்வளவு கடுமையாகச் சொல்வதில்லை. ஒன்றிரண்டு மேசைக்கரண்டியில் வருவதை ஆரோக்கியமான பெரியவரின் உடம்பு சமாளித்துவிடும், சூடுபடுத்தினால் அளவும் குறையும். நான் இரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வது இதற்காகவும்தான். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

பலன் எத்தனை நாளில் என்று கேட்டீர்கள். மலச்சிக்கலுக்கு இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். சின்ன அளவில் தொடங்குவதால் உங்களுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்கும் அசையாவிட்டால் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைபாட்டாலும், சில மாத்திரைகளாலும் வரும் மலச்சிக்கலுக்கு எவ்வளவு நார்ச்சத்து சாப்பிட்டாலும் காரணம் அப்படியே இருக்கும். கொலஸ்ட்ராலுக்கு மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். முதல் பரிசோதனை வெறும் வயிற்றில் கொடுத்ததென்றால் இதையும் அப்படியே, முடிந்தால் அதே பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். அப்போதுதான் இரண்டு அளவையும் ஒப்பிட முடியும்.