சப்ளை செயினைச் சுத்தமாக்க நிறுவனங்களை எது தள்ளுகிறது? திருப்பூர் தரும் பதில்

தங்களுக்குச் சரக்கு வரும் வழி முழுவதையும் சூழலைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு எது காரணமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர் சாயப்பட்டறைகளில் நடந்ததைப் பார்த்தால் வரிசை தெளிவாகத் தெரியும். முதலில் கோர்ட். அடுத்தது கைக்காசு. பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அதற்குப் பிறகுதான் வருகிறார்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அதைப் பொறுத்து சாயத்தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். உப்போ அப்படியே கழிவுநீரில் இறங்கும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம்தான் தெளியும், உப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நொய்யல் ஆற்றுப் பாசன நிலங்கள் பாழானதும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியதும் இப்படித்தான். அந்த ஆண்டுகளில் ஏற்றுமதி ஏறிக்கொண்டேதான் இருந்தது.

வழக்குப் போட்டவர்கள் விவசாயிகள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறும்படி 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்காததால் 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. மாற்றம் வந்தது அதற்குப் பிறகு.

இனி காசுக் கணக்கு. கழிவுநீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, வடிகட்டி, மெல்லிய சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வில் ஏற்றினால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சும் உவர்நீரை எவாபரேட்டரில் காய்ச்ச வேண்டும். நீராவியும் மின்சாரமும் தின்னும் இடம் அதுதான். லிட்டர் கணக்கில் பணம் கட்டும்போது தண்ணீரைக் குறைக்கப் பட்டறைக்காரரே வழி தேடுவார். சாயம் போடும் பழைய விஞ்ச் மெஷின் கிலோ துணிக்கு ஒரு முறை நிரப்ப 20 லிட்டர் வரை கேட்கும். புது வகை சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். சாதா உப்பை விட்டு சோடியம் சல்பேட்டுக்கு மாறினால் உவர்நீரைக் குளிரவைத்து உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி சாயத்தொட்டியிலேயே போடலாம். இரண்டையும் கலந்து பயன்படுத்தினால் கடைசியில் கலப்பு உப்புதான் மிஞ்சும். அதை வாங்க ஆளில்லை. மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. இந்தப் பிரச்சினை இன்னும் தீரவில்லை.

வாங்கும் நாடுகளும் இப்போது சட்டம் போடுகின்றன. சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த சரக்கு கட்டாய உழைப்பில் உருவானது என்றே அமெரிக்கா 2022 ஜூன் முதல் எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிப்பது இறக்குமதியாளர் பொறுப்பு. சப்ளை செயினில் மனித உரிமை மீறலையும் சூழல் கேட்டையும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்தது. பஞ்சுப் பொதியின் (பேல்) எண்ணிலிருந்து நூல் லாட் வரை பையர் காகிதம் கேட்பது இதனால்தான்.

இந்தக் கண்காணிப்பு பிசகும் இடம் ஜாப் ஒர்க், அதாவது சாயம் போடுவதை வெளிப் பட்டறைக்குக் கூலிக்குக் கொடுப்பது. ஆடிட்டர் தையல் ஃபேக்டரியைப் பார்த்துவிட்டுப் போகிறார்; சாயம் ஏறியது வேறெங்கோ. சுத்திகரிப்புச் செலவைச் சேர்க்காமல் பையர் விலை பேசினால், அந்தச் செலவே செய்யாத பட்டறைக்கு வேலை போய்விடும். சான்றிதழை மட்டும் நம்பாமல் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: ஜாப் ஒர்க் சலானில் உள்ள துணியின் எடை, அதே மாதம் வாங்கிய உப்பின் பில், சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர் அளவு. எடைக்கு ஏற்ற தண்ணீர் மீட்டரில் ஏறவில்லை என்றால், சாயம் வேறு பட்டறையில் போட்டதா, கழிவு வேறு வழியில் போனதா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.