ஓனர் கம் டிரைவர் கேள்வி பதில்: டியூ, டயர், ஓவர்லோடு, பாக்கி வாடகை

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் வண்டியில் லைன் ஓட்டுகிறேன். கையில் 6 லட்சம் இருக்கிறது. புது டாரஸ் (பத்துச் சக்கர லாரி) எடுத்து நானே ஓட்டலாமா? (ராசிபுரம்)

முதலில் நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். சேஸிஸ், பாடி, இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்ந்து 40 லட்சத்தைத் தொட்டுவிடும். உங்கள் 6 போக 34 லட்சம் ஃபைனான்ஸ், நாலு வருடம் என்றால் மாதம் 87,000 பக்கம் டியூ (தவணை). மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், லிட்டருக்கு 4 கிடைக்கிறது என்று வையுங்கள், டீசல் மட்டும் 1,85,000. டோல் ஒரு 40,000. டயருக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வீதம் 24,000. இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட் (வருடத்துக்கு 16,500), காலாண்டு வரி, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 12,000. ஆயில், ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம்), சில்லறை வேலை 13,000. அப்புறம் உங்கள் சம்பளமும் படியும் 35,000. மொத்தம் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது கிலோமீட்டருக்கு 50 ரூபாய். எம்ப்டியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் அதே 50 தான்.

அந்த 35,000-ஐ எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நானே ஓட்டுகிறேன், சம்பளம் எதற்கு என்று கேட்பார்கள். நாளைக்கு உடம்பு முடியாமல் படுத்தால் வண்டிக்கு ஆள் போட வேண்டும், டியூ நிற்காது.

இன்னொன்று, 6 லட்சத்தையும் முன்பணமாகக் கொட்டிவிட்டால் முதல் ட்ரிப்புக்கு டீசல் போடவே கடன் வாங்குவீர்கள். 2 லட்சமாவது கையில் நிற்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு நாலைந்து வருடம் ஓடிய, யார் ஓட்டினார்கள் என்று உங்களுக்கே தெரிந்த வண்டிதான் சரி. எட்டு வருடம் தாண்டிய வண்டி வேண்டாம், அதற்கு எஃப்சி வருடா வருடம் காட்ட வேண்டும். அதுவரைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பழைய வண்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (திருச்செங்கோடு)

இன்ஜினை மெக்கானிக் பார்க்கட்டும், நீங்கள் பேப்பரைப் பாருங்கள். ஃபைனான்ஸ் என்ஓசி (கடன் தீர்ந்த சான்று) வந்து ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா, வரி பாக்கி உண்டா, ஆன்லைனில் இ-சலான் எத்தனை நிற்கிறது, இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும். பெயர் மாறும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பிஎஸ்4 நல்லதா, பிஎஸ்6 நல்லதா? (சேலம்)

பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான விதி. பிஎஸ்4 என்றால் 2020 மார்ச்சுக்கு முந்தைய வண்டி, ஆட்புளூ தொல்லை அதிகம் இருக்காது, ரிப்பேரும் மலிவு. ஆனால் டெல்லி லைன் ஓட்டும் எண்ணம் இருந்தால் பிஎஸ்4 பக்கமே போகாதீர்கள். வெளி மாநிலப் பதிவு பிஎஸ்4 சரக்கு வண்டிக்கு அங்கே கொடுத்த அவகாசம் 2026 அக்டோபர் வரைதான். பிஎஸ்6 எடுத்தால் 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர் ஆட்புளூ என்று கணக்கு வையுங்கள். ரோட்டோரத்தில் மூடி திறந்த கேனில் விற்பதை மட்டும் ஊற்றாதீர்கள், மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய் சைலன்ஸர் பக்கம் லட்சமாகப் போகும்.

என் வண்டிக்கு மைலேஜ் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஊர் இல்லை, என்ன வண்டி என்று இல்லை, எத்தனை டன் ஏற்றுகிறீர்கள், எந்த ரூட், இப்போது என்ன கிடைக்கிறது, ஒன்றுமே எழுதவில்லை. இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? டேங்க் ஃபுல் செய்து, கிலோமீட்டர் குறித்து, மறுபடி ஃபுல் செய்து மூன்று ட்ரிப் எழுதுங்கள். அதற்குள் டயரில் காற்றை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். 60-க்கு மேல் விரட்டுகிறீர்களா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

புரோக்கர் பாஸிங்குக்கு (வண்டிக்கு அனுமதித்த எடைக்கு) மேல் 5 டன் ஏற்றச் சொல்கிறார். டன்னுக்கு 3,000 தருகிறாராம். எல்லோரும் ஏற்றுகிறார்கள், நான் மட்டும் விட்டால் நஷ்டம்தானே? (சங்ககிரி)

ஏற்றாதீர்கள். இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை, நானும் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.

அவர் தருவது 15,000. பிடித்தால் அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, ஆக 30,000. கூடுதல் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் உங்கள் தலையில். ஏற்றச் சொன்னவரையும் சட்டப்படி பிடிக்கலாம், ஆனால் ரோட்டில் நிற்பது நீங்கள், சலான் விழுவது உங்கள் வண்டி நம்பரில், அந்த நேரத்தில் புரோக்கர் போனை எடுக்கமாட்டார்.

பிடிக்கவே இல்லை என்றாலும் செலவு உண்டு. பின் டயர் சூடேறி வெடிப்பது, ஸ்பிரிங் பட்டை உடைவது, பிரேக் லைனர் கருகுவது எல்லாம் அந்த 5 டன் செய்கிற வேலை. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது தொப்பூர் கணவாயில் எத்தனை லாரி பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறியிருக்கிறது என்று நாமக்கல், சேலம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது எடைச் சீட்டைத்தான். ஓவர்லோடு என்றால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளைமைக் குறைக்கவோ தட்டிக்கழிக்கவோ அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. மிச்ச டியூவை யார் கட்டுவது?

எனக்கு வயிறெரிவது வேறு விஷயத்துக்கு. நாலு வண்டி ஆளுக்கு 5 டன் கூடுதலாக ஏற்றினால் 20 டன், அது ஐந்தாவது வண்டியின் முழு லோடு. அந்த ஐந்தாவது வண்டிக்காரர் மூன்று நாள் புக்கிங் ஆபீஸ் வாசலில் கிடந்துவிட்டு, டியூ தேதி வந்ததும் கிடைத்த வாடகைக்கு ஏற்றுகிறார். அடுத்த வாரம் அதுதான் மார்க்கெட் ரேட், நீங்களும் அதே ரேட்டுக்குத்தான் ஏற்றியாக வேண்டும். 2018-ல் அரசே ஆக்ஸில் எடையைக் கூட்டி, வண்டியும் சரக்கும் சேர்த்து 25 டன்னாக இருந்த டாரஸ் 28-க்கு மேல் போனபோதே, இருக்கிற சரக்குக்கு வண்டி அதிகம் என்று லாரிக்காரர்கள் புலம்பினார்கள். அதற்கும் மேல் நாமே 5 டன் சேர்த்து ஏற்றிவிட்டு வாடகை ஏறவில்லை என்று சொன்னால் எப்படி? பாஸிங் எடைக்கு மேல் ஒரு மூட்டை கூட வேண்டாம்.

பத்து வண்டி கூட இல்லை, எனக்கு எதற்கு வாடகையில் டிடிஎஸ் (முன்கூட்டியே வருமான வரி) பிடிக்கிறார்கள்? (ஈரோடு)

பான் நம்பரும் பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற டிக்ளரேஷனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே பிடித்ததை ரிட்டர்ன் போட்டு வாங்கலாம். வண்டியும் சரக்கும் சேர்த்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டும் முறை உங்களுக்குப் பொருந்தும், 28 டன் வண்டிக்கு மாதம் 28,000. அதற்காக ட்ரிப் நோட்டு எழுதுவதை விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்காக எழுதுவது.

வண்டி பிரேக்டவுன் ஆகி நின்றதில் இ-வே பில் (சரக்கு கொண்டுபோகும் ஜிஎஸ்டி சீட்டு) தேதி முடிந்துவிட்டது. என்ன செய்வது? (கரூர்)

முடிவதற்கு 8 மணி நேரம் முன்னால் தொடங்கி, முடிந்த 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு உடனே போன் போடுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஏற்றும்போதே எண்ணிப் பார்த்துக் கிளம்புங்கள்.

நாசிக்கில் ஜவ்வரிசி இறக்கி இரண்டு மாதமாகிறது. பாக்கி வாடகை 14,000 வரவில்லை. மூன்று நாள் ஹால்டிங்கும் (இறக்காமல் காத்து நின்றதற்கான காசு) தர மறுக்கிறார்கள். (ஆத்தூர்)

எல்ஆர் (லாரி ரசீது) காப்பியில் வண்டி வந்த தேதி, இறக்கிய தேதி, சீல், கையெழுத்து வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வந்த தேதி இல்லாமல் ஹால்டிங் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வாங்கியிருந்தால் ஒரிஜினலைக் கொடுத்தனுப்புவதற்கு முன் போட்டோ எடுத்து, புக்கிங் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, பணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் சங்கத்திலும் சொல்லுங்கள், சங்கத்திலிருந்து போன் போனால் பல பாக்கி வந்துவிடும். அடுத்த லோடிலிருந்து அட்வான்ஸ் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், ஒரு நாளைக்கு ஹால்டிங் எவ்வளவு என்பதை ஏற்றுவதற்கு முன்னால் மெசேஜில் எழுதி வாங்குங்கள். பழைய பாக்கி இருக்கும் ஆபீசில் அது வரும்வரை புது லோடு ஏற்ற வேண்டாம்.