வாசகர் கேள்வி – பதில்: சோதிக்க முடியாத கடவுளை நம்பலாமா?

இந்த இதழில், கடவுள் நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டுமா என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: சோதனையில் நிரூபிக்க முடியாத எதையும் நம்பக் கூடாது என்கிறான் என் விடுதி நண்பன். கடவுளைச் சோதனையில் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் நான் நம்புவதே தவறா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: ஆதாரம், சோதனை என்ற இரண்டையும் உங்கள் நண்பர் ஒன்றாக்கிவிட்டார். ஆதாரம் இல்லாமல் நம்பக் கூடாது என்ற வாதத்தைக் கூர்மையாக வைத்தவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட். 1877-இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டியது என்று அவருக்குத் தெரியும். ‘எத்தனையோ புயலைத் தாங்கியது, இந்தத் தடவையும் தாங்கும்’ என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அது பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபர்ட். கையிலிருந்த ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அப்படி நம்ப அவருக்கு உரிமை கிடையாது.

கிளிஃபர்ட் கேட்டது போதிய ஆதாரம். சோதனைக்கூடச் சான்றை மட்டும் அவர் கேட்கவில்லை. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை எந்தச் சோதனைக் குழாயும் காட்டாது, ஆனால் அதற்கு நிரூபணம் இருக்கிறது. பிறந்த நாளை அம்மா சொல்லித்தான் அறிந்தோம். ‘சோதிக்க முடியாததை நம்பாதே’ என்ற விதியையேகூட எந்தச் சோதனையாலும் நிறுவ முடியாது. ஆக, விதி அளவுக்கு மீறி இறுக்கமானது என்று தெரிகிறது. அதனால் கடவுள் உண்டு என்று ஆகிவிடவில்லை.

ஒரு தாளை எடுத்து, நீங்கள் கடவுளைப் பற்றி நம்புவதை வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள். ‘உலகுக்கு ஒரு மூலகாரணம் உண்டு.’ ‘48 நாள் விரதம் இருந்தால் வேலை கிடைக்கும்.’ ‘துன்பத்தில் அவர் என்னோடு இருக்கிறார்.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது பொய்யாக இருந்தால் நம் கண்ணுக்கு என்ன மாறித் தெரியும்? பதில் இருந்தால் அது சோதிக்கத்தக்க வாக்கியம். சோதித்துத்தான் ஆக வேண்டும். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று நாடெங்கும் வரிசை நின்றது. மத்திய அரசின் அறிவியல் துறையினர் பாலில் சாயம் கலந்து நீட்டினார்கள். கரண்டி விளிம்பு ஈரச் சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் வெளியே இழுபட்டு, மெல்லிய படலமாகச் சிலையின் மேல் வழிவது சாயத்தில் தெரிந்தது. அன்று பொய்த்தது அந்த ஒரு வாக்கியம்தான். தாளிலுள்ள மற்றவற்றை அது தொடவில்லை.

பெரும்பாலோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். 48 நாள் முடிந்து வேலை கிடைக்கவில்லை என்றதும் ‘அவன் சித்தம் வேறு’ என்கிறோம். கிடைத்திருந்தால் விரதத்தின் பலன் என்றிருப்போம். எது நடந்தாலும் பொருந்துகிற வாக்கியம் உலகைப் பற்றி எதையும் சொல்வதில்லை. 1950-இல் ஆன்டனி ஃப்ளூ என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் மதவாதிகளிடம் கேட்டது இதைத்தான்: என்ன நடந்தால் உங்கள் நம்பிக்கை தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? (நெடுங்காலம் நாத்திகராக இருந்த அவர், 2004-இல் ஒரு படைப்பாளி உண்டென்று ஏற்பதாக அறிவித்தார். கேள்வியின் வலிமை அதனால் குறையவில்லை.)

கேள்வி: பிரார்த்தனைக்குப் பலன் உண்டா என்று மருத்துவமனைகளில் ஆய்வே நடந்திருக்கிறதாமே? முடிவு என்ன?
– ஆசிரியை, கரூர்

பதில்: நடந்திருக்கிறது. முடிவைவிட, ஆய்வுகள் எங்கே பழுதாகின்றன என்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் முயற்சி 1872-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் செய்தது. இங்கிலாந்து அரச குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காகத் தேவாலயங்களில் இடைவிடாது வேண்டுகிறார்களே, அவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்களா என்று கணக்கெடுத்தார். அரச குடும்பத்தாரின் சராசரி ஆயுள் 64 வயதளவில் நின்றது. மற்ற வசதியான வகுப்பினர் அவர்களை முந்தினார்கள். ஆனால் இது வெறும் ஒப்பீடு. அரச வாழ்வுக்கே உரிய கேடுகள் என்ன, சடங்காகச் சொன்னது எவ்வளவு, மனமார வேண்டியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

1988-இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ ஆய்வில் இதயப் பிரிவு நோயாளிகள் 393 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் வெளியார் பிரார்த்தித்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட உடல்நலக் கூறுகளை எண்ணியதில் ஆறில் அந்தப் பிரிவு மேலாக இருந்தது. ஆறு என்றால் பெரிய வெற்றியல்லவா என்று தோன்றும். ஆனால் இருபதில் ஒரு பங்கு தற்செயலை அனுமதிக்கும் அளவுகோலால் இருபது தரம் அளந்தால், சராசரியாக ஒன்று சும்மாவே ‘பலன்’ காட்டும். அந்தக் கூறுகள் தனித்தனியானவையும் அல்ல. இதயம் பலவீனமான ஒருவருக்குச் சிறுநீர் பெருக்கும் மருந்தும் தேவைப்படும். ஒரே நோயாளியின் நிலை இரண்டு மூன்று கூறுகளில் எண்ணப்பட்டுவிடும். எதை அளக்கப்போகிறோம் என்று ஒரே ஒரு கூற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்தது 2006-இல் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் 6 மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1802 பேர், மூன்று பிரிவுகள். மூன்று கிறிஸ்தவக் குழுக்கள், அறுவைக்கு முந்தைய இரவிலிருந்து 14 நாள், குறித்துக் கொடுத்த ஒரே வாசகத்தைச் சேர்த்து வேண்டின. 30 நாளுக்குள் சிக்கல் வருகிறதா என்பதுதான் கணக்கு. வேண்டுதல் உண்டா இல்லையா என்று தெரியாமலே அதைப் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிக்கல். அதே ஐயத்தோடு இருந்து, பெறாதவர்களில் 51 சதவீதம். தனக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம்! ‘பிரார்த்தனை செய்யும் அளவுக்கா என் நிலைமை மோசம்’ என்ற பயமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், தற்செயலாகவும் இருக்கலாம்.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? முன்பின் தெரியாதவர்கள் செய்யும் வேண்டுதல் இந்த அறுவையில் சிக்கலைக் குறைக்கும் என்ற வாக்கியம் தோற்றது. கடவுள் இல்லை என்று அது காட்டவில்லை. பெறாத பிரிவுக்கும் அவரவர் வீட்டார் வேண்டியிருப்பார்கள், அதை எந்த ஆய்வாளரும் தடுக்க முடியாது. மருந்து ஆய்வில் எந்தப் பிரிவுக்கு எது என்பதை எல்லோரிடமும் மறைப்பார்கள். எல்லாம் அறிந்தவரிடம் எப்படி மறைப்பது? ஆனால் நம்புகிறவர்கள் ஒன்றில் நேர்மையாக இருக்க வேண்டும். 1988 ஆய்வைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டியவர்களுக்கு, 2006 ஆய்வை ‘கடவுளைச் சோதிக்கக் கூடாது’ என்று தள்ள உரிமையில்லை.

இன்னொன்றும் உண்டு. 2001-இல் வெளியான ஆய்வில் ஓர் இஸ்ரேல் மருத்துவர், 1990 முதல் 1996 வரை ரத்தத்தில் தொற்று வந்து சேர்ந்த 3393 நோயாளிகளின் பட்டியலைக் குலுக்கிப் பிரித்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு பாதிக்குப் பிரார்த்தனை செய்ய வைத்தார். அவர்கள் மருத்துவமனையை விட்டுப் போய் 4 முதல் 10 ஆண்டு ஆகியிருந்தது. கணக்குப் பார்த்தால் அந்தப் பாதியினருக்குக் காய்ச்சல் நாளும் மருத்துவமனை நாளும் குறைவு! எப்படி வேலை செய்யும் என்று சொல்லக்கூட முடியாத ஒன்றைப் புள்ளிவிவரத்திடம் மட்டும் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும் என்று காட்டவே அவர் இதைச் செய்தார்.

கேள்வி: ஆதாரம் கேட்பதே மேல்நாட்டுப் பழக்கம், நம் மரபில் நம்பிக்கைதான் முதல் என்கிறார் எங்கள் ஊர்ச் சொற்பொழிவாளர். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. நம் சமய நூல்கள் ‘அளவை’யில்தான் தொடங்குகின்றன: ஒன்றை எதைக்கொண்டு அறிவது? மணிமேகலையின் 27-ஆம் காதை பத்து அளவைகளைச் சொல்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அத்தனையையும் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூல் சொல்லால் அறிவது) என்று மூன்றில் அடக்குகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரம். முதல் சூத்திரமே கருதல் அளவைதான். அவன், அவள், அது என்று சுட்டத்தக்க உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு கருத்தா, அதாவது செய்பவன், வேண்டும் என்கிறது.

இந்த வாதத்தை நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபின் ஐந்து உறுப்புகளில் வைத்துப் பாருங்கள். பக்கம் (நிறுவ வேண்டியது): உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டு. ஏது (காரணம்): அது காரியம், அதாவது உண்டாக்கப்பட்ட பொருள், ஆதலால். திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): எது எது காரியமோ அது அதற்குக் கருத்தா உண்டு, குடத்துக்குக் குயவன் போல. உபநயம் (பொருத்திக் காட்டுவது): உலகமும் அப்படிப்பட்ட காரியமே. நிகமனம் (முடிவு): ஆகவே உலகத்துக்குக் கருத்தா உண்டு.

ஐந்தில் நலிந்தது திட்டாந்தம். குயவனுக்கு உடம்பு உண்டு, மண்ணை அவன் உண்டாக்கவில்லை, பசித்தால் சாப்பிடுகிறான். குடத்தை வைத்து ஊகித்தால் உடம்புள்ள, குறையுள்ள கருத்தாதான் கிடைப்பான். பெரிய மாளிகையைப் பலர் சேர்ந்து கட்டுகிறார்கள், ஆக ஒருவன்தான் என்பதும் கிடைக்காது. காட்டில் தானாக முளைக்கும் செடிக்குக் கருத்தா யார் என்று கேட்டால், அதுவும் உலகத்தில் அடக்கம், நிரூபிக்க வேண்டிய பொருளையே எதிர்ச்சான்றாக்கக் கூடாது என்பார்கள் நியாய மரபினர். இது நல்ல பதில். ஆனால் முதல் இரண்டு தடைகளைத் தீர்ப்பதில்லை.

இதே போக்கில் தடைகளை எழுப்பியவர் நாத்திகர் அல்லர், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திர உரையில், ஊகத்தால் இறைவனை நிறுவ முடியாது, சாத்திரம் ஒன்றே வழி என்கிறார். அதாவது அவருக்கும் பிரமாணம் (அளவை) வேண்டும். அது உரை அளவை. அந்த அளவையில் இடறுவது எங்கே என்றால், ஒன்றோடொன்று முரணான நூல்களை வெவ்வேறு சமயத்தார் ஒரே உறுதியோடு நீட்டும்போது. எங்கள் கணிப்பில், ஊகம் கொடுப்பது அதிகபட்சம் ‘ஏதோ ஒரு மூலம்’ வரைதான். அங்கிருந்து திருச்செந்தூர் முருகன் வரையுள்ள தூரத்தை உரையும் அனுபவமுமே கடக்க வேண்டும்.

கேள்வி: கடவுள் இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லையே. அப்போது நாத்திகமும் ஒரு நம்பிக்கைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, தொலைநோக்கிக்கும் அகப்படாத ஒரு பீங்கான் தேநீர்க் கூஜா சூரியனைச் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது அல்ல என்றார் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசல், 1952-இல். சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் ‘காணவில்லை, எனவே இல்லை’ என்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மேசை மேல் யானை இருந்தால் கண்ணில் பட்டே தீரும், படவில்லை என்றால் இல்லை. அதே மேசை மேல் கிருமி படவில்லை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. காணத்தக்கது காணப்படாதபோதே இன்மை தெளிவாகும் என்று நம் தருக்க நூல்கள் வகுத்தது இது. பக்தர் கேட்டால் உடனே தோன்றும் கடவுள் என்றால், தோன்றாமையே மறுப்பு. உருவமற்ற மூலம் என்றால் அந்த மறுப்பு எட்டாது.

கேள்வி: என் அம்மா எந்த வாதமும் அறியாதவர். விளக்கேற்றும்போது கடவுள் இருக்கிறார் என்று தெரிகிறது என்பார். அது மூடத்தனமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: இல்லை. நேற்று என்ன சாப்பிட்டோம் என்ற நினைவை வாதம் வைத்தா நம்புகிறோம்? ஓர் அறிவு எழுந்தால், அதை மறுக்கும் காரணம் வரும்வரை அது மெய்யென்றே நிற்கும் என்றது வேதத்துக்குப் பொருள் காணும் மீமாஞ்சை மரபு. (அதே மரபினர் உலகைப் படைத்த ஈசுவரனை ஏற்கவில்லை!) அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளான்டிங்கா 2000-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதே வழியில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வாதாடினார். ஆனால் இந்த உரிமை, மறுப்பு வரும்வரைதான். வேறு சமயத்தவரும் இதே உறுதியோடு வேறொன்றை உணர்கிறார் என்பது ஒரு மறுப்பு. குழந்தைகள் படும் துன்பம் இன்னொன்று. இவற்றைக் கேட்டறிந்த நீங்கள், அம்மாவின் நிலையில் இல்லை. யோசித்தாக வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: நம்பி வைத்தால் நஷ்டம் என்ன? கடவுள் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் போகிறது.
– வணிகர், விருதுநகர்

பதில்: இது 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கலின் பந்தயத்தின் சுருக்கம். எந்தக் கடவுளின் மேல் பந்தயம் கட்டுவது என்பதில் அது உடைகிறது. இதைவிடக் கவனமானது 1896-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னது. நம்பத் தோன்றுவதாக, தள்ளிப்போட முடியாததாக, வாழ்க்கையை மாற்றுவதாக ஒரு தேர்வு வந்து, ஆதாரம் எந்தப் பக்கமும் தீர்க்க இயலாதபோது மட்டும், மனம் சாயும் பக்கம் நம்ப உரிமை உண்டு என்றார். கடைசி நிபந்தனையைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

‘நஷ்டம் என்ன’ என்றீர்கள். பாம்புக் கடிக்கு மந்திரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரித்துப் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். காரணம், கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் மந்திரிக்காமலே பிழைத்திருப்பார்கள். இறந்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை. கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. இமை தொங்கி, மூச்சு திணறும்போது நேரம் போயிருக்கும். இங்கே ஆதாரம் தீர்த்துவிட்டது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த நச்சுமுறி மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. எனவே ஜேம்ஸ் தரும் உரிமை இங்கே செல்லாது. கடித்த இடத்தைக் கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், அந்தக் காலையோ கையையோ அசைக்காமல் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். வேண்டுதலை வண்டியில் போகும்போதே செய்யலாம்.